பழைய லப்டொப்புக்கு நான் போட்டுக் கொடுக்கும் இலவச மென்பொருள்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறீர்கள். கையில் இருப்பது விண்டோஸ் 10 ஓடும், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப். விஎல்சி, குரோம், 7-ஸிப் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்பால், காசு கட்டத் தேவையில்லாத, உண்மையில் பிரயோசனமான, ஆனால் பலர் கேள்விப்படாத மென்பொருள்கள் எவை என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: அப்பா முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த முந்நூறு கோப்புகள், ஊர்க் குறிப்புகள், கோயில் மலருக்கு எழுதிய கட்டுரைகள், இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன, அதற்கு ஏதும் வழி உண்டா என்று. அந்த வரிக்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் 18 வருடமாகக் கணினி திருத்துகிறேன். என் மேசைக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும் எதை வைக்கலாம், எதைக் கழற்றலாம் என்று பார்ப்பதே தொழில். எனக்கென்று மூன்று நிபந்தனைகள் உண்டு. இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். மின்னஞ்சலைக் கொடு, கணக்குத் திற என்று கேட்கக் கூடாது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் என் கோப்புகள் வேறொன்றில் திறக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துபவை நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை. விளம்பரத்துக்குக் காசில்லை, விற்றால் கமிஷனும் இல்லை. அதனால் கடையில் யாரும் அவற்றின் பெயரைச் சொல்வதில்லை.

முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. வேறு எதையும் இன்ஸ்டோல் செய்ய முதல் இதை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்து ஒரு பதிவேடு வைத்துக்கொண்டிருக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸ் அதை நமக்கு எடுத்துக் காட்டுவதில்லை. ஜப்பானியர் ஒருவர் எழுதிய இந்தச் சிறிய மென்பொருள் அந்தப் பதிவேட்டை ஒரே பக்கத்தில் விரித்துக் காட்டும். நீல நிறம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இன்றே கொப்பி எடுக்க வேண்டும். நிறத்தோடு நின்றுவிடாமல் 05, சி5, சி6 என்று தொடங்கும் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகிப் போனதால் டிஸ்க் ஒதுக்கிவைத்து, பதிலுக்கு வேறு இடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் டிஸ்க் இன்னும் திணறிக்கொண்டிருக்கும் பகுதிகள். சி6 திருத்தவே முடியாதவை. மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: அந்த எண்கள் முதலில் பதினாறின் அடிமானத்தில் தெரியும். மெனுவில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றினால்தான் சரியாக விளங்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'மெஷின் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது தம்பி, ரேம் கூட்டித் தரலாமா' என்று கேட்டு வந்தார். ரேமைத் தொட முதல் இதை ஓட்டினேன். மஞ்சள். சி5 வரியில் 48. அவர் முன்னாலேயே இன்னொரு டிஸ்க்கைச் செருகிக் கொப்பி எடுக்கத் தொடங்கினேன். படங்கள் இருந்த கோப்புறையில் ஒவ்வொரு படத்துக்கும் டிஸ்க் 'டிக், டிக்' என்று நின்று நின்று வாசித்தது. நாலு மணித்தியாலம் எடுத்தது. மகளின் கலியாணப் படங்களில் பதினொன்று மட்டும் வரவில்லை, மீதி முழுக்க வந்தது. அடுத்த கிழமை அந்த டிஸ்க் சுழலவே இல்லை. மந்தம் என்று வருகிற மெஷின்களில் கணிசமானவற்றில் குற்றவாளி டிஸ்க்தான். அதற்கு ரேம் வாங்கிப் போட்டு ஒரு பயனும் இல்லை. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் ஒன்று போட்டால் உங்கள் 4 ஜிபி மெஷினே வேறு மெஷின் மாதிரி ஓடும்.

பழைய லப்டொப் வாங்கப் போகும்போதும் இதைப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லாத பதிப்பும் இருக்கிறது. மேலே மூலையில் டிஸ்க் மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று தெரியும். இடைவிடாமல் ஓடினால் வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். 'புதுசு மாதிரி' என்று சொல்லி விற்ற டிஸ்க் ஒன்றில் 30,000 ஐத் தாண்டி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்றரை வருடம் இரவு பகலாக எங்கேயோ ஓடிய டிஸ்க் அது.

பென் டிரைவ் என்றதும் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ. ஜெர்மன் கணினிச் சஞ்சிகை ஒன்றைச் சேர்ந்தவர் எழுதியது. பார்க்க அழகில்லை, ஒரே ஒரு பெட்டிதான். ஆனால் புறக்கோட்டை நடைபாதையில் '2 டிபி' என்று எழுதிய பென் டிரைவ் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும்போது, அது உண்மையா என்று சொல்லக் கூடியது இதுதான். போலி டிரைவுக்குள் இருக்கும் சிப் பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருந்தாலும் விண்டோஸிடம் 2,000 என்று சொல்லும். நீங்கள் 16 வரைக்கும் போடும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு போடுவது முன்பு போட்டதன் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றில் போகும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ டிரைவை முழுக்க நிரப்பி, பிறகு திருப்பி வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். 64 ஜிபிக்கே மணிக்கணக்கில் எடுக்கலாம். இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். வகுப்புக் குறிப்புகளை வைக்கப் போகும் டிரைவ் என்றால் அந்த ஒரு இரவு வீண் இல்லை.

அப்படியும் ஏதாவது அழிந்துவிட்டால் ஃபோட்டோரெக். பெயரில் படம் இருந்தாலும் வேர்ட், பிடிஎஃப், வீடியோ என்று நூற்றுக்கணக்கான வகைகளை மீட்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொன்றோடு சேர்ந்து வரும். அழித்த கோப்பு உடனே அழிவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அது அங்கேதான் கிடக்கும். ஆகவே கமராவின் மெமரி கார்ட்டில் படம் அழிந்தது என்றால், தெரிந்த நிமிடத்திலேயே அந்தக் கார்ட்டைக் கழற்றி வையுங்கள், ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். மீட்டதை அதே கார்ட்டில் போடாமல் வேறு டிஸ்க்கில் போடுங்கள். கோப்பின் பழைய பெயர்கள் திரும்பி வராது, எண்களாகத்தான் வரும். எஸ்எஸ்டியில் இது பெரும்பாலும் பலிக்காது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும்.

சரி, தேடுவதற்கு வருவோம். எவ்ரிதிங் என்று ஒன்று இருக்கிறது, வொயிட்டூல்ஸ் என்ற பெயரில் வெளியாவது. இதைப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதைக் கழற்றிவிடச் சொன்னதில்லை. விண்டோஸின் சொந்தத் தேடல் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும், தெரியும்தானே. எவ்ரிதிங்கில் நீங்கள் தட்டத் தட்டவே பட்டியல் சுருங்கிக்கொண்டு வரும். காரணம் சுலபம். விண்டோஸ் டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒரு தலைமைப் பட்டியல் எப்போதும் இருக்கிறது. எவ்ரிதிங் ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து தேடாமல், நேரே அந்தப் பட்டியலையே எடுத்து வைத்துக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புகள் இருந்தாலும் முதல்முறை பட்டியல் போட ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு காத்திருப்பே இல்லை.

இரவு ஏழு மணிக்கு ஓர் அக்கா பதறிக்கொண்டு வந்தார். விடிந்தால் விசா நேர்முகம். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கேன் எடுத்துவைத்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் லப்டொப்பில் எங்கேயோ இருக்கிறது, பெயர் ஞாபகம் இல்லை. எவ்ரிதிங்கில் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டச் சொல்லி, மாற்றிய திகதியின்படி அடுக்கினேன். அந்த வருடம், அந்த மாதம் என்று கீழே இறங்கிக்கொண்டு போனோம். மூன்றாவது திரையில் 'டொக் 0007' என்ற பெயரில், வாட்ஸ்அப் கோப்புறைக்குள் கிடந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இது பெயரைத்தான் தேடும், உள்ளே எழுதியிருப்பதைத் தேடுவதற்கு உண்டாக்கியதல்ல. அதனால் இனிமேலாவது ஸ்கேன் எடுத்த கையோடு கோப்புக்கு ஒரு பெயர் வையுங்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது, எது இடத்தைப் பிடிக்கிறது என்று பார்க்க விஸ்ட்ரீ. அதே தலைமைப் பட்டியலை வாசிப்பதால் இதுவும் நொடிகளில் முடிக்கும். பெரிய கோப்பு பெரிய கட்டமாகத் தெரியும். ஆனால் கவனியுங்கள், இது வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான் இலவசம், அலுவலகத்தில் போட்டால் அனுமதி வாங்க வேண்டும். வின்டிர்ஸ்டாட் கொஞ்சம் மெதுவானாலும் எல்லா இடத்திலும் இலவசம், மூலநிரலும் திறந்தது. 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு வகையும் இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை. உங்கள் வகுப்புக்குக் காசு வாங்குகிறீர்கள் என்றால் பார்த்துப் போடுங்கள்.

இனி உங்கள் வகுப்புக்கு வேண்டியவை. நாப்ஸ்2 என்று ஒரு ஸ்கேன் மென்பொருள். ஸ்கேனரோடு வரும் சிடியில் இருப்பதைவிட நூறு மடங்கு நல்லது. கடந்தகால வினாத்தாள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்தால், கோணலை நிமிர்த்தும், பக்கங்களை இழுத்து இடம் மாற்ற விடும், ஒரே பிடிஎஃப்பாகத் தரும். தாள்களை அடுக்கி வைத்தால் தானே இழுக்கும் ஸ்கேனரில் முன்பக்கங்களை முதலில் ஒரு சுற்று, பின்பக்கங்களை இன்னொரு சுற்று எடுத்தால், இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்த்துத் தரும் வசதிகூட இருக்கிறது. விண்ணப்பங்களில் '2 எம்பிக்கு மேல் ஏற்கப்படாது' என்பார்களே, அதற்கு 200 புள்ளி (டிபிஐ) அடர்த்தியில், சாம்பல் நிறத்தில் எடுங்கள், கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகவே இருக்கும். இதற்காகக் கொமியுனிகேஷன் கடைக்கு அலைந்து, உங்கள் அடையாள அட்டையை யாரோ ஒருவருடைய கணினியில் விட்டுவிட்டு வரத் தேவையில்லை.

நாப்ஸ்2இன் இன்னொரு கெட்டித்தனம், படத்தில் இருக்கும் எழுத்தை வாசிப்பது. உள்ளே வேலை செய்வது டெசராக்ட். 1985 முதல் 1994 வரை ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் வளர்ந்து, பல வருடம் கிடப்பில் கிடந்து, 2005இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடத்திலிருந்து கூகுள் அதற்குக் கைகொடுத்தது. தமிழும் சிங்களமும் அதில் உண்டு. மொழிக் கோப்பை ஒருதரம் இறக்கினால் போதும், பிறகு இணையம் வேண்டாம். இதற்கு மட்டும் 300 புள்ளியில் எடுங்கள். சுத்தமாக அச்சிட்ட புதிய புத்தகத்தில் நன்றாக வாசிக்கும். ஆனால் பிழை பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். 'ண'வும் 'ன'வும் மாறும், காலும் 'ர'வும் மாறும். பழைய புத்தகங்களில் 'லை', 'ணை', 'றா' எல்லாம் சுழித்த பழைய வடிவத்தில் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகுதான் இன்றைய வடிவம் பரவலாகியது. அந்தப் பழைய சுழிகளைக் கண்டால் டெசராக்ட் தடுமாறும்.

ஃபோனில் எடுத்த பரிசோதனைப் படங்களை லப்டொப்புக்கு எப்படி மாற்றுகிறீர்கள்? வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பியா? அப்படிச் செய்தால் படம் சுருங்கும், டேட்டாவும் போகும். லோக்கல்சென்டை இரண்டிலும் போடுங்கள். ஒரே வைஃபையில் இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும், படத்தைத் தெரிவு செய்து அனுப்பினால் அசல் அளவிலேயே போகும். வெளி இணையத்துக்கு ஒரு துளி டேட்டாவும் போகாது. ரவுட்டர் இல்லாத இடத்தில் ஃபோனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டாலே போதும். இரண்டும் ஒன்றை ஒன்று காணவில்லை என்றால், பெரும்பாலும் விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் 'பொது' வலையமைப்பு என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கும். அமைப்புகளில் போய் அதைத் 'தனியார்' என்று மாற்றுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில்தான் கிவிக்ஸின் அருமை எனக்கு விளங்கியது. லப்டொப்பில் பற்றரி இருக்கும், ரவுட்டருக்கு உயிர் இருக்காது, ஃபோன் சிக்னலும் அடிக்கடி போகும். கிவிக்ஸ் 2007இலிருந்து இருக்கும் ஒரு வாசிப்பான். விக்கிப்பீடியாவை முழுதாக ஒரே கோப்பில் இறக்கி வைத்து இணையம் இல்லாமல் வாசிக்கலாம், தேடலாம், இணைப்புகளைச் சொடுக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவில் வரும், உங்கள் மெஷினுக்கு அது பாரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியா அதில் ஒரு சிறு துண்டுதான், பென் டிரைவிலேயே வைக்கலாம். என் அக்காவின் மகன் அப்போது சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் லப்டொப்பை வைத்து, ஒளித்தொகுப்பு, கலப்பிரிவு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி வாசித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விஞ்ஞான ஆசிரியருக்கு இதில் இன்னொன்று இருக்கிறது. ஃபெட் என்ற செயற்பாட்டுப் படங்கள். பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்றைப் பிள்ளையே கம்பி இழுத்துக் கட்டலாம், மின்கலத்தைக் கூட்டினால் மின்குமிழ் பிரகாசிப்பதைப் பார்க்கலாம், ஊசலின் நீளத்தை மாற்றலாம். அவற்றையும் கிவிக்ஸுக்கான ஒரே கோப்பாக இறக்க முடியும். ஆய்வுகூடம் இல்லாத மாடி அறை வகுப்பில் இதன் பெறுமதி உங்களுக்கே தெரியும். ஸ்டெல்லேரியம் கேள்விப்பட்டிருப்பீர்கள், வானத்தைக் காட்டுவது. இல்லையென்றால் அதையும் போட்டு, இடத்தைக் கொழும்பு என்று வையுங்கள். துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானத்துக்கு மேல் வெறும் 7 பாகையில்தான் நிற்கிறது, அது எங்கள் அகலக்கோடு என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

சின்னச் சின்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் திறக்க சுமாத்ரா: சில எம்பிதான், உங்கள் 4 ஜிபி மெஷினில் சொடுக்கிய கையோடு திறக்கும், மின்னூல்களையும் திறக்கும். பாஸ்வேர்ட்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதாமல் கீபாஸ்எக்ஸ்சியில் வையுங்கள். எல்லாம் ஒரே பூட்டிய கோப்புக்குள் இருக்கும், அந்தக் கோப்பு உங்களிடம்தான் இருக்கும். ஆனால் அதன் தலைமைப் பாஸ்வேர்ட்டை மறந்தால் அதை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்திப் பாருங்கள், நீங்கள் கடைசியாகக் கொப்பி செய்த பலவும் பட்டியலாக வரும். இது விண்டோஸிலேயே இருப்பது, முதல்தரம் மட்டும் இயக்கிவிட வேண்டும்.

எங்கிருந்து இறக்குவது என்பது எதை இறக்குவது என்பதைவிட முக்கியம். தேடுபொறியில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம், அதற்குள் இதே பெயரில் போலித் தளங்கள் இருக்கின்றன. பெரிய பச்சை நிறப் பொத்தான் எதையும் அமுக்க வேண்டாம். மென்பொருளின் சொந்தத் தளம், அல்லது மூலநிரலை வெளியிடும் கிட்ஹப் தளத்தில் அதன் பக்கம், அல்லது மைக்ரோசொஃப்ட் ஸ்டோர். சந்தேகமாக இருந்தால் இறக்கிய கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், பல வைரஸ் எதிர்ப்பான்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும்.

இதைச் சொல்லும்போது மனதில் இருப்பதையும் சொல்கிறேன். இங்கே லப்டொப் வாங்கினால் 'எல்லாம் போட்டுத் தருகிறோம்' என்று கிராக் பண்ணிய மென்பொருள்களை நிரப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கடையில் அப்படிப் பிடிஎஃப் திருத்தும் மென்பொருள் போட்டுக் கொடுத்த மெஷின் ஒன்று என்னிடம் வந்தது. பல்கலைக்கழகப் பிள்ளை ஒருவருடையது. ஆய்வுக் கட்டுரை, தரவு, படங்கள், எல்லாக் கோப்பின் வாலிலும் நாலு எழுத்து முளைத்திருந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். கிராக்கை இயக்க வைரஸ் எதிர்ப்பானை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்த வாசலால் வந்ததுதான். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்ததோ இரண்டு பிடிஎஃப்பை ஒன்றாக்குவது மட்டும். பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்தப் பிள்ளையின் முகமும் ஒரு காரணம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. உங்கள் மெஷினின் புரொசஸர் 2017க்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை வென்டோய் என்ற கருவி மூலம் ஒரு வெற்றுப் பென் டிரைவில் போட்டு, லப்டொப்பில் எதையும் அழிக்காமல் ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் நாப்ஸ்2, லோக்கல்சென்ட், கிவிக்ஸ், கீபாஸ்எக்ஸ்சி, ஃபோட்டோரெக், ஸ்டெல்லேரியம் எல்லாம் அதிலும் ஓடும்.

இனி அப்பாவின் கோப்புகள். தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: அவை பழுதாகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று அப்பா அடித்தது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இருந்த கணினியில் அது தமிழாகத் தெரிந்தது, இல்லாததில் குப்பையாகத் தெரிகிறது. பாமினி எழுத்துருவை நிறுவினாலே எல்லாம் உயிர்பெற்றுவிடும். அதை முதலில் செய்து, வாசித்து மனம் ஆறுங்கள்.

ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. அந்தக் கோப்புகளில் ஊர்ப் பெயரைத் தேட முடியாது, ஃபோனில் வாசிக்க முடியாது, யாருக்கும் அனுப்ப முடியாது. எல்லாக் கருவிகளும் ஏற்கும் பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வேர்ட்டர் அதற்கான இலவசக் கருவி. பாமினி உட்படப் பல பழைய குறிமுறைகள் அதற்குத் தெரியும், இணையமும் வேண்டாம். அவர்களே வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் இன்னொன்று: அப்பாவின் விரல்கள் பழகிய அதே பாமினி விசை அமைப்பில் அடித்தாலும் யுனிகோடாக விழும். இந்த வயதில் அவர் புதிதாக ஒரு விசைப்பலகை பழகத் தேவையில்லை.

மாற்றும்போது மூன்று இடத்தில் அடிபடும். முதலாவது ஆங்கிலம். அப்பா இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய பெயர், முகவரி எல்லாவற்றையும் பாமினி என்று நினைத்துக் கருவி தமிழாக்கிவிடும், ஒன்றும் விளங்காத எழுத்துக் கூட்டமாக வரும். வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிவு செய்து மாற்றுங்கள்.

இரண்டாவது 'வெளி'. பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு 'வ', பிறகு 'ள' அடிப்பார்கள். ஔகாரத்துக்கும் அதே அடிதான். இது 'வௌ'வா, 'வெள'வா என்று கருவிக்குத் தெரியாது. அதனால்தான் எங்கள் ஊர்ச் செய்தித் தளங்களில்கூட 'வௌியீடு', 'வௌிநாடு', 'தௌிவு' என்று பார்க்கிறோம். மாற்றி முடிந்ததும் 'ௌி' வரும் இடங்களைத் தேடி 'ெளி' என்று மாற்றுங்கள். 'கௌரி', 'மௌனம்' போன்றவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள், அவை எதிர்ப்பக்கமாகப் பிழையாகியிருக்கலாம்.

மூன்றாவது 'ர்'. கால் இல்லாத ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்று என்பதால் பழைய தட்டச்சாளர்கள் பலர் துணைக்காலிலேயே புள்ளி வைத்துவிடுவார்கள். மாற்றியதும் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. துணைக்காலுக்குப் பின் புள்ளி வந்தால் 'ர்' என்றும், விசிறி (ி) வந்தால் 'ரி' என்றும் மாற்றிவிடுங்கள். தமிழில் வேறெங்கும் அந்தச் சேர்க்கை வராது, பயமில்லாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றலாம்.

பாமினிக் கோப்புகளின் அசலைத் தனிக் கோப்புறையில் அப்படியே வைத்திருங்கள், கொப்பியில்தான் வேலை செய்ய வேண்டும். முந்நூறையும் ஒரே நாளில் தொடாதீர்கள். பத்தை மாற்றி அச்செடுத்து, அப்பாவைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களிலும் ஆட்களின் பெயர்களிலும் விழுந்த பிழை அவர் கண்ணில்தான் முதலில் படும்.